வாரம் 8 கிலோமீட்டரை 14 ஆக்கினேன், எடை ஏறுகிறது: மாஸ்டர்ஸ் நீச்சல்காரர்களிடம் ஒரு கேள்வி

லேன்_நான்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 44 வயது, சென்னையில் வசிக்கிறேன். முப்பத்தொன்பதாவது வயதில்தான் முறையாக நீந்தக் கற்றுக்கொண்டேன். கடந்த மூன்று ஆண்டுகளாக மாஸ்டர்ஸ் போட்டிகளில், அதாவது பெரியவர்களுக்கு வயதுப் பிரிவு வாரியாக நடக்கும் போட்டிகளில், 50 மீட்டர், 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் (தவளை நீச்சல்) கலந்துகொண்டு வருகிறேன். டிசம்பர் 31 அன்று இருக்கும் வயதை வைத்தே பிரிவைக் கணக்கிடுவார்கள் என்பதால், அடுத்த ஆண்டு 45–49 பிரிவுக்குப் போகிறேன். அந்தப் பிரிவில் வயதில் இளையவளாக நுழையும் ஆண்டிலேயே ஒரு பதக்கம் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசையில், ஏழு மாதங்களுக்கு முன்பு பயிற்சியைக் கூட்டினேன்.

அதுவரை வாரம் நான்கு நாள், நாளுக்கு 2000 மீட்டர் நீந்திக்கொண்டிருந்தேன். இப்போது ஐந்து நாள், நாளுக்கு 2800 மீட்டர். பெரும்பாலும் ஃப்ரீஸ்டைல்தான் (கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்துவது), 100 மீட்டருக்குச் சராசரியாக 2 நிமிடம் 5 விநாடி ஆகிறது. என் உயரம் 162 சென்டிமீட்டர். தொடங்கும்போது எடை 71.2 கிலோ. கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை அதே மெஷினில், அதே நேரத்தில் பார்த்தபோது 72.6 கிலோ. இந்த ஏழு மாதத்தில் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் குறைந்தது அரை விநாடிதான்.

"ஐந்து கிலோ குறையுங்கள், இரண்டு விநாடி தானாகக் குறையும்" என்கிறார் கோச். அதனால் ஒரு மாதமாக வாரத்தில் மூன்று இரவுகள் மோரோடு நிறுத்திக்கொள்கிறேன். அப்படி இருந்த மறுநாள் காலையில் கடைசி 400 மீட்டரில் கை இழுக்கவே மறுக்கிறது. என்னோடு அதே மாதத்தில் நடைப்பயிற்சி தொடங்கிய என் நாத்தனார் இதற்குள் நான்கு கிலோ குறைத்துவிட்டார். வீட்டில் அவர் தரும் அறிவுரைகளை இங்கே எழுதினால் இடம் போதாது.

வாரத் தூரத்தை 20 கிலோமீட்டராக உயர்த்தலாமா, அல்லது உணவை இன்னும் குறைக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. இதே நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்.


கடிகாரம்_பார்ப்பவன் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் சிங்கப்பூரில் ஒரு மாஸ்டர்ஸ் குழுவில் நீந்துகிறேன்; வயது 51. நீங்கள் எண்களோடு கேட்டிருப்பதால் நானும் எண்களோடு பதில் சொல்ல முயல்கிறேன்.

உடற்பயிற்சிகளின் ஆற்றல் செலவை 'மெட்' என்ற அலகில் குறிப்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடுவது ஒரு மெட். தோராயமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு கலோரி. மிதமான வேகத்தில் ஃப்ரீஸ்டைல் நீந்துவதற்கு 5.8 மெட் என்றும், வேகமாக முயன்று நீந்துவதற்கு 9.8 மெட் என்றும் அட்டவணைகள் சொல்கின்றன. நீங்கள் கூட்டியது வாரத்துக்கு 6 கிலோமீட்டர். உங்கள் வேகத்தில் அதற்கு 125 நிமிடங்கள் பிடிக்கும். மிதமான வேகம் என்று வைத்துக்கொண்டு, அந்த நேரம் சும்மா இருந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய ஒரு மெட்டைக் கழித்தால், உங்கள் எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 346 கலோரி. ஆக, கூடுதல் தூரம் முழுவதும் சேர்ந்து வாரத்துக்கு 720 கலோரி, அதாவது நாளுக்கு நூறு கலோரிதான். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி என்பதால், 11 கிராம் நெய் அதற்குச் சமம். காலை நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து சேர்க்கும் அந்த ஆறு கிலோமீட்டரை, பொங்கலின் மேல் ஊற்றும் ஒரு கரண்டி நெய் ஓசைப்படாமல் ஈடுகட்டிவிடும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஓட்டத்திலோ நடையிலோ, எடை ஒன்றாக இருந்தால், ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது. நீச்சலில் அப்படியில்லை, உடலைத் தண்ணீரில் கிடையாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர், கால் தாழ்ந்து கிடப்பவரைவிட மிகக் குறைந்த ஆற்றலில் அதே தூரத்தைக் கடப்பார். ஆகவே ஏழு மாதத்தில் உங்கள் ஃப்ரீஸ்டைல் திருந்தியிருந்தால், அன்று 2000 மீட்டருக்குச் செலவழித்த ஆற்றலை இன்று 2000 மீட்டருக்கு நீங்கள் செலவழிப்பதில்லை. தேர்ச்சி கூடக் கூட அதே தூரம் மலிவாகிக்கொண்டே போகும்.

பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. பதினொரு ஆண்களைத் தண்ணீருக்குள் அமர்த்தி 45 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒரு நாள் 33 டிகிரி நீரில், இன்னொரு நாள் 20 டிகிரி நீரில். பிறகு விரும்பிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். 33 டிகிரி நீரிலிருந்து வந்த நாளில் சராசரியாக 608 கலோரி உண்டவர்கள், குளிர்ந்த நீரிலிருந்து வந்த நாளில் 877 கலோரி உண்டார்கள். இரண்டு நாளும் அவர்கள் செலவழித்த ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1987இல் கிராண்ட் குவினப் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட ஆய்வையும் பலர் எடுத்துக்காட்டுவார்கள். உடல் பருமனான பெண்கள், உணவைக் குறைக்காமல், சிலர் நடந்தும் சிலர் சைக்கிள் ஓட்டியும் சிலர் நீந்தியும் தினமும் ஒரு மணி நேரம் வரை ஆறு மாதம் பயிற்சி செய்தார்கள். நடந்தவர்களுக்கு எடையில் பத்து சதவீதம் குறைந்தது. சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அதைவிடச் சற்று அதிகம் குறைந்தது. நீந்தியவர்களுக்கு எடை குறையவே இல்லை. உங்கள் நாத்தனாருக்கு இந்த ஆய்வைச் சொல்லிவிடாதீர்கள்.

பயிற்சி முடிந்து முதல் ஒரு மணி நேரத்தில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மூன்று வாரம் எழுதிப் பாருங்கள் என்பதே என் யோசனை. 20 கிலோமீட்டரைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.


ஈரத்துண்டு எழுதியது:

மேலே நண்பர் போட்ட கணக்கு சரி. ஆனால் அந்த இரண்டு ஆய்வுகளை வைத்து 'நீச்சலால் எடை குறையாது' என்ற முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

குளிர்ந்த நீர் ஆய்வில் 20 டிகிரி. உலக நீச்சல் கூட்டமைப்பு போட்டிக் குளத்துக்கு விதித்திருப்பது 25 முதல் 28 டிகிரி. சென்னையில் திறந்தவெளிக் குளத்தில் மே மாதத்தில் இறங்கினால் யாரோ வெந்நீர் விளாவி வைத்ததுபோல் இருக்கும். மார்கழி விடியற்காலையில் வேண்டுமானால் அந்த ஆய்வு கொஞ்சம் பொருந்தலாம். குவினப்பின் ஆய்வு மிகச் சிறியது. அதற்கு எதிராக, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 50 முதல் 70 வயதுக்குட்பட்ட 116 பெண்களை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஓராண்டு முடிவில், நடந்தவர்களைவிட நீந்தியவர்களுக்கே எடை சுமார் ஒரு கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தது. இடுப்புச் சுற்றளவும் சற்றுக் குறைந்திருந்தது. ஒரு கிலோ என்பது பெரிய வெற்றி அல்லதான், ஆனாலும் நீச்சல் கொழுப்பைச் சேர்க்கும் என்ற பேச்சுக்கு அது போதுமான பதில்.

நான் கேட்க வந்தது வேறு. அம்மா, நீங்கள் போட்டியிடுவது 100 மீட்டர், அதாவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ஒரு வேலை. அதற்கு எதற்காக 20 கிலோமீட்டர்? இந்தியானாவில் உள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டேவிட் காஸ்டிலும் அவருடைய குழுவும் கல்லூரி நீச்சல் வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரப் பயிற்சியும், மறு பிரிவுக்கு 25 வாரப் பருவத்தில் ஆறு வாரங்கள் மட்டும் அதைப்போல் இருமடங்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 1991இல் வெளியான அந்த ஆய்வின்படி, இரண்டு வேளை நீந்தியவர்கள் கூடுதலாக எதையும் சம்பாதிக்கவில்லை. அந்த ஆறு வாரங்களில் அவர்களுடைய ஸ்பிரிண்ட் வேகம் குறையவும் செய்தது. இருபது வயது உடம்புக்கே அப்படியென்றால், வீட்டு வேலையையும் அலுவலகத்தையும் முடித்துவிட்டு வரும் 44 வயது உடம்பு என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

நீங்கள் எழுதியதில் என்னை உறுத்திய வாக்கியம் "பெரும்பாலும் ஃப்ரீஸ்டைல்தான்" என்பது. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் நேரம் குறையாததற்கு எடையைக் குற்றம் சொல்வதற்கு முன்பு, அந்த 14 கிலோமீட்டரில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் எத்தனை மீட்டர், அதிலும் போட்டி வேகத்தில் நீந்தியது எத்தனை மீட்டர் என்று கணக்குப் பார்த்தீர்களா? என் நோட்டில் ஒருமுறை பார்த்தபோது வாரத்துக்கு 300 மீட்டர்தான் தேறியது. அதை 900 ஆக்கி, மொத்தத் தூரத்தில் 2 கிலோமீட்டரைக் குறைத்தேன். எட்டு 25 மீட்டர், ஒவ்வொன்றும் உயிரைக் கொடுத்து, இடையில் ஒரு நிமிடத்துக்கும் குறையாத ஓய்வு, அவ்வளவுதான் செட். பக்கத்து லேன்காரர்கள் "என்ன, சுவரைப் பிடித்துக்கொண்டே நிற்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.


வெள்ளை_அங்கி எழுதியது:

நான் மருத்துவர், என் இருபதுகளில் போட்டி நீச்சல் வீராங்கனையாக இருந்தவள். நேரில் பார்க்காமல் யாருக்கும் மருந்தோ உணவுத் திட்டமோ சொல்ல மாட்டேன். ஆனால் 'மோரோடு நிறுத்திக்கொள்கிறேன்' என்பதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

விளையாட்டு வீரர்கள் பயிற்சிக்கு ஏற்ற அளவு உண்ணாதபோது ஏற்படும் பாதிப்புகளைக் குறித்துச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, 2018இலும் 2023இலும் அதைப் புதுப்பித்தது. உண்ட ஆற்றலில் பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, மீதியைக் கொழுப்பில்லா உடல் எடையால் வகுத்தால், ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கலோரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பொதுவாகக் கையாளப்படும் எல்லை. உங்கள் கொழுப்பில்லா எடை 48 கிலோ என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு 400 கலோரி போனால், அன்றைக்கு 1840 கலோரிக்குக் குறையாமல் நீங்கள் உண்ண வேண்டும். மோரோடு படுக்கும் நாளில் அது கிடைக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம்தான். அந்தக் குறை நீடித்தால் மாதவிடாய் ஒழுங்கும் எலும்பின் அடர்த்தியும் மனநிலையும் பாதிக்கப்படும். நீங்கள் சொல்லும் அந்தக் கடைசி 400 மீட்டர் அதற்கெல்லாம் முன்பே வந்துவிடும். நீச்சலில் எலும்பின் மீது உடல் எடை ஏறுவதில்லை என்பதால், நம் வயதுப் பெண்கள் வாரத்தில் இரண்டு நாளாவது பளு தூக்குவது அவசியம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அதே நேரத்தில், எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றும் நான் சொல்லப் போவதில்லை. நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பால் சர்க்கரை நோய் வரும் ஆபத்து அதிகம் என்பதால்தான், இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்கச் சொல்கிறோம். மெஷினை அலமாரியில் வைத்துவிட்டு, தையல்காரரின் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏறியிருக்கும் 1.4 கிலோவில் ஒரு பகுதி கொழுப்பே இல்லாமல் இருக்கக்கூடும். பயிற்சி கூடும்போது தசைகளில் கிளைகோஜன் சேமிப்பு, அதாவது உடல் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும் இருப்பு, கூடும். ஒரு கிராம் கிளைகோஜன் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். தசை சிறிது வளர்ந்திருந்தாலும் முள் மேலேதான் போகும்.

எடை மாறாமலே நன்மை நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பத்து வாரம் நீந்திய பிறகு மேல் அளவு 150இலிருந்து 144 ஆகக் குறைந்தது. அவர்களுடைய எடையில் மாற்றம் இல்லை.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் டி மூன்றையும் பாருங்கள். நாற்பதுகளின் நடுவில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றங்கள் தொடங்கும். தூக்கம் கெடுவதும் கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுவதும் அப்போது நடக்கும். அதைக் கோச்சால் ஸ்டாப்வாட்ச் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.


பழைய_நீச்சல்காரன் எழுதியது:

அறுபத்தேழு வயது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஐம்பத்தெட்டில் நானும் எடை குறைக்க வேண்டும் என்றுதான் வாரம் 12இலிருந்து 22 கிலோமீட்டருக்கு ஒரே மாதத்தில் தாவினேன். தண்ணீரை அதிகம் தள்ளுவதற்காக உள்ளங்கையில் மாட்டும் பேடில் தட்டுகளை வேறு மாட்டிக்கொண்டேன். ஏழாவது வாரம் வலது தோள் போயிற்று. நான்கு மாதம் கிக் போர்டைப் பிடித்துக்கொண்டு கால் மட்டும் உதைத்தேன். எடை? அந்த நான்கு மாதத்தில் மூன்று கிலோ ஏறியது. வீட்டம்மாள் தலைவாரிவிட வேண்டிய நிலை. எனக்கு முடி குறைவு என்பதால் அந்த வேலை மட்டும் சீக்கிரம் முடிந்தது.

ஒலிம்பிக் வீரர்கள் நாள் முழுக்கச் சாப்பிட்டும் ஒல்லியாக இருக்கிறார்களே என்று யாராவது சொன்னால் நம்பி இறங்கிவிடாதீர்கள். அமெரிக்க வீராங்கனைகள் ஐந்து பேரின் ஆற்றல் செலவை அளந்து 1997இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாளுக்கு 5600 கலோரி. அவர்கள் ஒரு நாளில் நீந்தியது 17.5 கிலோமீட்டர். நீங்கள் ஒரு வாரம் நீந்துவதைவிட அது அதிகம். அவர்களுடைய தட்டை நம் தட்டோடு ஒப்பிட முடியாது, தாயே.


லேன்_நான்கு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல், கடிகாரம்_பார்ப்பவன் அவர்கள் சொன்னபடி மூன்று வாரம் நோட்டில் எழுதிவிட்டு வருகிறேன்.

முதல் கண்டுபிடிப்பு எனக்கே வெட்கமாக இருந்தது. எங்கள் குழு பயிற்சி முடிந்ததும் குளத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் கூடுவது வழக்கம். நான்கு நாள் நீந்திய காலத்தில் நான்கு நாள். ஐந்து நாளானதும் அதுவும் ஐந்தாகிவிட்டது. ஒரு பிளேட் வெண்பொங்கல், இரண்டு வடை, ஒரு காபி. பொங்கலைக் கரண்டியால் தள்ளிப் பார்த்தேன். தட்டின் விளிம்பில் நெய் வளையமாக நின்றது. 11 கிராம் கணக்கைப் படித்த பிறகு அந்த வளையத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பத்து மணிக்கு இரண்டு தோசையும் சாப்பிட்டிருக்கிறேன். அதைத்தான் நான் 'காலை உணவு' என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இரவில் பட்டினி கிடந்த நாள்களுக்கு மறுநாள் வடை இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்ததையும் நோட்டு காட்டிக்கொடுத்துவிட்டது.

இப்போது இரவில் வழக்கம்போல் சாப்பிடுகிறேன். கடைசி 400 மீட்டர் சரியாகிவிட்டது. குளத்திலிருந்து ஏறியதும் டப்பாவில் கொண்டுபோகும் இரண்டு அவித்த முட்டையையும் ஒரு வாழைப்பழத்தையும் சாப்பிட்டுவிட்டு, ஹோட்டலில் காபி மட்டும் குடிக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் பொங்கல் உண்டு. அதை விட்டுத்தர நான் தயாராக இல்லை.

ஈரத்துண்டு அவர்கள் கேட்ட கணக்கையும் பார்த்தேன். 14 கிலோமீட்டரில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் 1600 மீட்டர். போட்டி வேகத்தில் 200 மீட்டர்கூட இல்லை. டாக்டர் அவர்கள் சொன்ன பரிசோதனைகளில் தைராய்டு சரியாக இருக்கிறது. வைட்டமின் டி குறைவு, அதற்கு மருந்து தொடங்கியிருக்கிறேன். இடுப்பு முதல் வாரம் 89 சென்டிமீட்டர், நேற்று 88. எடை 72.3. மூன்று வார எண்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது தெரியும்.

நோட்டைக் கோச்சிடம் காட்டி, வாரம் 12 கிலோமீட்டராகக் குறைத்து, செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் 25 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் செட் கேட்டேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, வடைக் கணக்கில் சற்று நேரம் நின்று, "சரி, அடுத்த போட்டிவரை எடையைப் பற்றி நான் பேசவில்லை, நேரத்தைப் பார்ப்போம்" என்றார். போட்டிக்கு ஒன்பது வாரம் இருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் தூரத்தை எவ்வளவு குறைப்பது, அப்போது இந்த முட்டை டப்பாவை என்ன செய்வது என்பதற்கு உங்களில் யாராவது வழி சொன்னால் உதவியாக இருக்கும்.